தொட்டித் தண்ணீர்

உப்பையும் கரித்தூளையும் குழைத்து, சாமுண்டீஸ்வரி மகளின் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈறில் ரத்தம் வந்தும் விடவில்லை. ஒன்பது வயது சுவேதா அழாமல் வாயைத் திறந்தபடி நின்றாள். பால்பல் விழுந்து முளைத்த புதுப் பற்களெல்லாம் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடுமாக இருந்தன.

"ஒயுங்கா வெளக்கினா ஏண்டி இப்டி கீது? பானுப்பிரியா பல்லப் பாத்தியா?"

பானுப்பிரியா காலனிப் பெண், சுவேதாவின் வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புரை அவளுக்குப் போயிற்று. சுவேதா அவளைவிட நன்றாகப் பேசுவாள். ஆனால் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுவாள். மேடையில் அந்தப் பெண் சிரிக்கச் சிரிக்க, கீழே உட்கார்ந்திருந்த சாமுண்டீஸ்வரிக்கு வயிறு எரிந்தது. விழா முடிந்ததும் பானுப்பிரியாவின் தாய் கலைவாணியை மடக்கி, என்ன பேஸ்ட் என்று கேட்டாள். பத்து ரூபாய் பேஸ்ட்தான் என்றாள் கலைவாணி. மறைக்கிறாள் என்றே இவள் நினைத்தாள்.

ஆவடி பல் டாக்டர்தான் உடைத்துச் சொன்னார். வீட்டுப் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஈறுக்குள் பல் உருவாகும் வயதிலேயே கறை விழுந்துவிடும், தேய்த்தால் போகாது. இளையவள், இரண்டரை வயது எழிலரசிக்கு இன்றே தண்ணீரை மாற்றினால் அவள் பல்லாவது தப்பும்.

தெருவில் எல்லார் வீட்டிலும், ஏரியிலிருந்து வரும் பஞ்சாயத்துத் தொட்டித் தண்ணீர்க் குழாய் உண்டு. மாமனார் வீராசாமி மட்டும் வேண்டாமென்றுவிட்டார். தொட்டி காலனியில் நிற்கிறது. அதற்குள் இறங்கிக் கழுவுகிறவன் கலைவாணியின் புருஷன் பூபாலன். ஒரு காலத்தில் வீராசாமியும் பூபாலனின் அப்பாவும் ஒரே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. சொந்தப் போர் உள்ள வீட்டில் கேன் தண்ணீர் வாங்குவதும் அவருக்குக் கேவலம்.

மறுநாள் பட்டப்பகலில், தெரு பார்க்க, சாமுண்டீஸ்வரி இடுப்பில் குடத்தோடு காலனியிலிருந்து வந்தாள். வீராசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க புட்ச்ச தண்ணி?"

"கலைவாணி ஊட்ல, மாமா."

அவர் கை சோற்றில் நின்றது. "நாலு பேரு பாத்துகினு கீறாங்க. கவுரவம் இன்னா ஆவறது?"

"ஒங்களுக்கு போர் தண்ணிதான் வெச்சிக்கீறேன். சின்னவளுக்கு இன்னும் பல்லு மாறல, மாமா."

அவள் குடத்தை இறக்கி ஒரு டம்ளர் மொண்டாள். எழிலரசியை மடியில் இருத்தி டம்ளரை வாயில் வைத்தாள். வீராசாமி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.

சுவேதாவும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கினாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுக் கண்ணாடியிடம் ஓடி, வாயை அகலத் திறந்து பார்த்தாள்.