பதினோரு வீட்டுச் சாவி

வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் இருவர் பேருந்தில் சந்தித்தால் சம்பளத்தைக் கேட்பதற்கு முன், "சாவி குடுத்துட்டாங்களா?" என்றுதான் கேட்போம். கொடுத்துவிட்டார்கள் என்றால், ஆள் இல்லாதபோதும் அந்த வீட்டுக்குள் போய்வரலாம். எங்கள் தொழிலில் அதற்கு மேல் நற்சான்றிதழ் கிடையாது. என்னிடம் பதினோரு வீட்டுச் சாவி இருக்கிறது. பூட்டித் திறக்க எனக்கென்று ஒரு வீடுதான் அப்போது இல்லை. நானும் தங்கையும் ஆறு வருடமாக அண்ணன் வீட்டுக் கூடத்தில் இருந்தோம். அண்ணி மனம் வைத்துக் கதவைத் திறந்தால்தான் உள்ளே போக முடியும்.

ஒரு மாடி வீடு வாடகைக்கு இருப்பதாகத் தெரிந்து இருவரும் போனோம். வீட்டுக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆம்பளைத் துணை இல்ல. உங்களை நம்பி எப்படிம்மா வீட்டைத் தர்றது?"

எனக்குச் சுருக்கென்றது. பையிலிருந்த சாவிக்கொத்தை அவர் மேசையில் வைத்தேன்.

"பதினோரு குடும்பம் நம்பித்தான் குடுத்திருக்கு, சார்."

அவர் கொத்தைப் புரட்டினார். ஒவ்வொரு சாவியிலும் ஒரு நிற நூல் கட்டியிருப்பேன். பெயரும் முகவரியும் எழுத மாட்டேன். தொலைந்தால் திருடனுக்கு வழி சொன்னதாகிவிடும்.

"இந்தப் பச்சை நூல் யார் வீடு? ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

தங்கை என்னை முழங்கையால் இடித்தாள். சொல்லித் தொலையேன் என்று அர்த்தம்.

"அதை மட்டும் சொல்ல மாட்டேன், சார். வேணும்னா அவங்களையே உங்ககிட்ட பேசச் சொல்றேன். கேட்டவங்களுக்கெல்லாம் சொல்றவளா இருந்தா, இதெல்லாம் எங்கிட்ட இருக்குமா?"

கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன். போச்சு, இனியும் அண்ணி முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் சொன்னதற்கு வருத்தப்படவில்லை.

வாசலைத் தாண்டவில்லை, "இரும்மா" என்றார். இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை நீட்டினார்.

"யாரும் பேச வேணாம். மேல போய்ப் பாருங்க. பிடிச்சிருந்தா சாவியை நீங்களே வச்சுக்குங்க."

மாடியேறி, கதவு முன் நின்று அழைப்புமணியை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். கையில் சாவி இருந்தாலும் மணியடித்துவிட்டுத்தான் எந்த வீட்டுக்குள்ளும் போவேன். வீட்டில் இருப்பவர்கள் திடுக்கிடக் கூடாது அல்லவா?

தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காலி வீட்டுல யாரு வந்து திறக்கப் போறாங்க, அக்கா?"

வெட்கமாகிவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இன்னொரு முறை நீளமாக அழுத்தினேன்.

"சும்மா இருடி. நம்ம வீட்டு மணி எப்படி அடிக்குதுன்னு நான் கேக்க வேணாமா?"