வயிற்றுக்குச் சொல்லி அனுப்புதல்

டிரைவருக்கு உணவுக்குழாய் அடைத்துப்போனதிலிருந்து சாப்பாடெல்லாம் வயிற்றில் போட்ட துளை வழியாகத்தான். முன்னறை ஜன்னல் கம்பியில் ஒரு பை தொங்கும். மனைவி அதில் கஞ்சியை அளந்து ஊற்றுவாள்; குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும். ஊற்றிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தட்டு வைக்கிற சத்தம் கேட்கும். அப்புறம் ஒன்றும் கேட்காது.

காலமெல்லாம் பஸ் நிறைய ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சளசளக்க வண்டி ஓட்டியவர். இப்போது சாப்பாட்டு வேளைக்குத் துணை ஒரு பைதான். 'நம்மள ஒதுக்கிட்டு உள்ள ஒரு பிடி பிடிக்கிறா' என்று மனம் பொருமும். வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை. ரோஷத்துக்கு உணவுக்குழாய் தேவையில்லை பாருங்கள், அது மட்டும் நன்றாகவே கொழுத்திருந்தது.

குழாயைச் சரிபார்க்க நர்ஸ் வந்தபோது மனைவி கடைக்குப் போயிருந்தாள். நர்ஸ் ஊசியில்லாத சிரிஞ்சைக் குழாயில் மாட்டி இழுத்துப் பார்த்தாள். காலையில் ஊற்றிய கஞ்சி பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்தது.

"ஐயா, இது வயித்துலயே நிக்குது. இப்படியே போனா மறுபடி ஆஸ்பத்திரியில படுக்கணும். கஞ்சி இறங்கும்போது எதைப் பார்த்துக்கிட்டு இருப்பீங்க?"

"சுவத்தை."

"செரிமானம் கண்ணுலயும் மூக்குலயுமே ஆரம்பிச்சிடும். வாசனை பிடிச்சதும் மூளை கீழ சொல்லி அனுப்பும். எச்சில் ஊறும், அதுல மாவை உடைக்கிற நொதி இருக்கு. வயித்துல அமிலமும் புரதத்தை வெட்டுற நொதியும் சுரக்கும். கணையமும் தயாராகும். உங்க வயித்துக்கு யாருமே தகவல் சொல்றதில்ல. அறிவிப்பே இல்லாம பஸ் வந்து நின்னா யாரு ஏறுவா? யாராவது சாப்பிடுற இடத்துல போய் உட்காருங்க."

யாராவது என்றால் வீட்டில் இருப்பது ஒரே ஆள்.

மத்தியானம் மனைவி கதவைச் சாத்தியதும், பையைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினார். சண்டைக்கு வார்த்தையெல்லாம் தயாராக இருந்தது.

அவள் நின்றபடியே ஆறிப்போன வெறும் சோற்றை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"இதையா தினமும்?"

"தாளிச்சா உங்களுக்கு மணக்குமே. நீங்க அங்க வெறும் வாயோட உட்கார்ந்திருக்கும்போது எனக்கு மட்டும் எப்படி இறங்கும்?"

அவருக்கு வேளாவேளைக்கு அளந்து ஊற்றியிருக்கிறாள். அவளுக்கு ஊற்ற ஆளில்லை. ரவிக்கைக் கை தொளதொளவென்று கிடந்தது. இதைக்கூட அவர் இத்தனை நாள் பார்க்கவில்லை.

நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வெங்காயத்தை வதக்கு. நல்லாச் சிவக்கட்டும்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

பையை அலமாரிக் கொக்கியில் மாட்டிவிட்டு அவள் வதக்கினாள். அவர் வாயில் எச்சில் ஊறி நிறைந்தது. விழுங்க வழியில்லை, கிண்ணத்தில் துப்பினார். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அவர் ஒளித்துவந்தது இதைத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். கை வாய்க்குப் போகவில்லை.

"சாப்பிடு. நீ சாப்பிட்டாத்தான் எனக்குச் செரிக்கும். நர்ஸே சொல்லிட்டா."

முதல் கவளத்தை மென்றவள், "உப்பு போதுமா?" என்று பழைய பழக்கத்தில் அவரைக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீதான் சொல்லணும்," என்றார் அவர்.