முகம் திருப்பிய முப்பத்தொரு பேர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சேர்த்துவைத்திருந்த ரோமானிய வெள்ளிக்காசு ஒன்றில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்த பேரரசர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடைக்காரர் குளித்துவிட்டு வருவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் காசுப்பெட்டியிலிருந்த முப்பத்தொரு ராஜாக்களும் திரும்பிவிட்டார்கள். இரண்டாயிரம் வருஷமாக ஒரே பக்கம் பார்த்தவர்களுக்குக் கழுத்து வலித்திருக்கும் என்று நாம் சமாதானம் சொல்லலாம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பதினேழு வருஷம் சேர்த்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விற்றவருக்குக் கடிதம் போட்டார். போலிக்காசுக்குத் திரும்பத் தெரியாது என்று பதில் வந்தது.

அதைவிட மோசம், அத்தனை பேரும் பார்த்தது அவர் மனைவியை. அவள் சமையலறையில் இருந்தால் பார்வை அந்தச் சுவர் பக்கம் போனது. துணி காயப்போட மாடி ஏறினால் மேலே போனது. பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்தும் வீடு இருக்கும் திசையையே பார்த்தார்கள். அவருடைய அப்பா சாவதற்கு முந்தின வாரம், அப்போது கைவசம் இருந்த ஒரே காசு அப்பாவின் கட்டில் பக்கம் திரும்பியிருந்தது. வெளிச்சக் கோளாறு என்று விட்டுவிட்டார். இப்போது அது நினைவுக்கு வர, பயம் பிடித்துக்கொண்டது. மனைவியை மாடி ஏற விடவில்லை, கத்தியைத் தொட விடவில்லை.

"என்னதான் ஆச்சு உங்களுக்கு?" என்று அவள் சண்டைக்கு வந்தபோது, பெட்டியைத் திறந்து காட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"முப்பத்தொரு ஆம்பளைங்க என்னையே பாக்குறாங்க. கட்டினவர் மட்டும் காசைப் பாக்குறார்," என்று சொல்லி, கோபத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காசில் ராஜா இருப்பதுபோலப் பக்கவாட்டில் நின்றாள். ராஜாக்களின் தாடையில் முடியளவு கீறலையும் லென்ஸ் வைத்துக் கண்டுபிடிக்கிற மனிதர், காதுக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவு வீக்கத்தை அன்றுதான் பார்த்தார்.

"இது எப்பலேருந்து?"

"ஏழெட்டு மாசமா இருக்கு. வலிக்கல, அதான் சொல்லல."

ஊரார் கண்ணையெல்லாம் சோதித்தவர் வெட்கத்தோடு பெட்டியை மூடினார். மறுநாளே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு, மருத்துவர் அதை வெட்டி எடுத்தார்.

தையல் பிரித்த அன்று முப்பது பேர் பழைய பக்கமே திரும்பிவிட்டார்கள். குட்டைக் கழுத்துள்ள ஒருவர் மட்டும் இன்னும் அவளைவிட்டுத் திரும்பவில்லை. கடைக்காரர் தினமும் காலையில் முதலில் அவரைப் பார்க்கிறார், பிறகு மனைவியின் கழுத்தை இரண்டு பக்கமும் பார்க்கிறார். வெளியே கிளம்பும்போது அவள் இருவரிடமும் "போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.