மைமூனாட கொக்கிஸ்

மூதூரில் ஒரு பேச்சு வழக்கு இருந்தது. கயிறு தொய்ந்தால், காற்றில் குடை மடங்கினால், வேலைவெட்டிக்குப் போகாமல் ஒரு ஆம்பிளை வேலியில் சாய்ந்து நின்றால், "மைமூனாட கொக்கிஸ் மாதிரி" என்பார்கள். சொல்லுகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த மைமூனா யாரென்றே தெரியாது. குடாவுக்கு இந்தப் பக்கம், திருகோணமலைப் பட்டினத்தில் இருந்த மைமூனாவுக்கு நன்றாகத் தெரியும். நினைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

மூத்த மகளுக்கு மூதூரில் மாப்பிள்ளை எடுத்தபோது வந்த வினை அது. காவின் எழுதிக் கலியாணம் முடிப்பதற்கு முன் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோக வேண்டும். அங்கே ஸல்ஹா என்று ஒருத்தி இருந்தாள். எந்த வீட்டுக்குப் பலகாரம் வந்தாலும் முதலில் அவள்தான் தொடுவாள். அச்சில் தோய்த்துப் பொரித்த கொக்கிஸ் ஒன்றை எடுத்துக் காதோடு பிடித்து உடைப்பாள். படக்கென்று சத்தம் வந்தால் சுட்டவளுக்குப் பெயர். அன்று மாரி மழை, குடா முழுக்க ஈரக் காற்று. பெட்டியில் போன கொக்கிஸ் லாஞ்சிப் படகிலேயே நமுத்துவிட்டது. ஸல்ஹா உடைத்தாள். அது உடையவில்லை, வாழைநார் மாதிரி வளைந்தது. சபை சிரித்த சிரிப்பில் அந்தப் பழமொழி பிறந்தது.

மைமூனாவின் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை, வல்லாஹி சத்தியம். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் அவள் கையில் அளவு தவறியதே கிடையாது. ஆனால் கடற்காற்றின் குற்றத்துக்குச் சட்டியைத்தானே திட்டுவார்கள்.

இப்போது இளையவள் பல்கீஸுக்கும் மூதூரில்தான் மாப்பிள்ளை. அதுவும் யார்? ஸல்ஹாவின் உடன்பிறந்த தம்பி ஸெய்னுதீனின் மகன்! வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான். நாள் குறித்ததும் நல்ல மார்கழி மாரியில்.

"தொதல் மட்டும் கிண்டிக் கொண்டுபோவமே. அது நமுக்காது" என்றார் புருஷன் அப்துல் மஜீத்.

"கொக்கிஸ் இல்லாமப் போனா, பயந்துட்டாள் எண்டு அடுத்த பழமொழி கட்டுவாளுகள்" என்றாள் மைமூனா.

அப்துல் மஜீதுக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. புதிதாகக் கட்டுகிற மா ஆலைக்கு அந்த வருடம் மெசின் பெட்டிகள் கப்பல் கப்பலாக வந்தன. பெட்டி உடைக்கிற இடத்தில் சிறு சிறு துணிப்பைகள் சிந்திக் கிடக்கும். உள்ளே கற்கண்டு அளவில் நீல மணிகள். ஏதோ புது மாதிரிப் பூச்சி உருண்டை என்று நினைத்து அவர் ஒரு கைப்பிடி கொண்டுவந்து அலுமாரிக்குள் போட்டார். கரப்பான் ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால் மைமூனா ஒன்றைக் கவனித்தாள். மாரி பிறந்தால் அலுமாரி உடுப்பெல்லாம் பூஞ்சணம் மணக்கும். இந்த முறை மணக்கவில்லை. நீல மணிகள் மட்டும் இளஞ்சிவப்பாகியிருந்தன.

"இதென்ன வேலை செய்யிது எண்டு கிடங்கில கேட்டு வாங்க" என்று புருஷனை விரட்டினாள்.

அவர் கேட்டுக்கொண்டு வந்தார். "பூச்சி உருண்டை இல்லையாம் புள்ள. ஈரம் குடிக்கிற மணியாம். கப்பல்ல வாற சாமான் துருப்பிடிக்காம இரிக்கப் போடுறாங்களாம். குடிச்சு முடிஞ்சா சிவக்கும். வறுத்தெடுத்தாத் திரும்ப நீலமாகுமாம். தின்னத்தான் ஏலாது."

மைமூனா உடனே அடுப்பை மூட்டினாள். சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய தாச்சியில் மணிகளை வறுத்தாள். இளஞ்சிவப்பு கருநீலமாகித் திரும்ப நீலமானது. மெல்லிய துணியில் சிறு முடிச்சுகளாக இறுக்கித் தைத்து, ஒன்றை உப்புப் போத்தலுக்குள் போட்டுப் பார்த்தாள். மாரியில் கூழாகிற உப்பு மணல் மாதிரிக் கொட்டியது. அன்றிரவு அவளுக்குச் சந்தோசத்தில் நித்திரை வரவில்லை.

கொக்கிஸ் சுட்டாள். ஆறவிட்டு, இறுக மூடுகிற பெரிய தகரப் பெட்டிக்குள் அடுக்கினாள். கடதாசி விரித்து மூலைக்கு மூலை முடிச்சுகளை வைத்தாள்.

"அவங்களுக்கு இதைச் சொல்லிப்போட்டுக் குடு" என்றார் அப்துல் மஜீத்.

"சொன்னா மணிக்குத்தான் பேர். என்ட கைக்கு என்ன பேர்? நானும் வாறன். பெட்டி திறக்க முந்தி முடிச்செல்லாம் எடுத்துப்போடுவன்."

பெண்ணின் தாய் பலகாரத்தோடு போகிற வழக்கமில்லை. மைமூனா வழக்கத்தைக் கரையில் விட்டுவிட்டு லாஞ்சியில் ஏறினாள். பெட்டியை மடியில் வைத்துப் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டாள். எஞ்சின் இருமி இருமி நின்றது. லாஞ்சிக்கார இராசையா நெற்றி வேர்வையைத் துடைத்தபடி உரக்கச் சொன்னான்:

"பிடிக்குதில்லை. எஞ்சின் இண்டைக்கு மைமூனாட கொக்கிஸ் மாதிரிக் கிடக்கு!"

லாஞ்சி முழுக்கச் சிரித்தது. அப்துல் மஜீத் கடலைப் பார்த்தார். மைமூனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மூதூரில் நினைத்தபடி ஒன்றும் நடக்கவில்லை. ஸெய்னுதீன் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே, "வாங்கோ மதினி, தாங்கோ" என்று ஸல்ஹா பெட்டியைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். மைமூனா செருப்பைக் கழற்றி உள்ளே ஓடுவதற்குள் பெட்டி பெண்களின் நடுவில் பாயில் இருந்தது. மூடி திறந்திருந்தது. ஸல்ஹாவின் கையில் கொக்கிஸ் இல்லை. ஒரு முடிச்சு இருந்தது.

"இது என்ன?" என்றாள் ஸல்ஹா.

மெல்லிய துணிக்குள் மணிகள் தெரிந்தன. காலையில் நீலமாக அடைத்தவை இப்போது லேசாகச் சிவந்திருந்தன. ஒருத்தி பெட்டிக்குள் கைவிட்டு இன்னொரு முடிச்சை எடுத்தாள். "அல்லாஹ்வே, மூலைக்கு மூலை இரிக்கி!"

யாரோ மெதுவாக அந்தச் சொல்லைச் சொன்னார்கள். செய்வினை.

பயப்பட அவர்களுக்குக் காரணம் இருந்தது. கலியாணம் முடிந்தால் அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவான். மகனை முழுசாக மயக்கித் தம் பக்கம் இழுத்துவிடுவார்களோ என்ற பயம் எந்தத் தாய்க்கும் உள்ளே கிடக்கும். மாப்பிள்ளையின் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெண்கள் பாயில் பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டினார்கள். ஒரு கொக்கிஸைத் தொட ஆளில்லை.

மைமூனா நியாயம் சொல்ல வேண்டிய நேரம். பல்கீஸின் கலியாணமே நூலில் தொங்குகிறது. ஆனால் அவள் கண் வேறெங்கோ நின்றது. வாசல் கதவு திறந்திருந்தது. வெளியே மழை. ஈரக் காற்று வீட்டுக்குள் வந்து, திறந்த பெட்டிக்குள் நேரே இறங்கிக்கொண்டிருந்தது.

"மூடியை மூடுங்கோ!" என்று கத்தினாள்.

அதோடு எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது. "பாத்தீங்களா, மூடச் சொல்றா! உள்ளுக்கு இன்னும் என்னவோ இரிக்கி!" என்று பின்னால் ஒரு குரல் நடுங்கியது.

மைமூனாவுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் முந்திக்கொண்டது. பெண்களை விலக்கிக்கொண்டு போனாள், பெட்டியிலிருந்து ஒரு கொக்கிஸை எடுத்தாள், சபை பார்த்திருக்கக் கடித்தாள்.

படக்!

மழைச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. அவள் மென்றாள். நொறு நொறு என்று அதுவும் கேட்டது.

ஸல்ஹாவின் தலை மெதுவாகத் திரும்பியது. வாழ்நாள் முழுக்கக் கொக்கிஸ் உடைத்த காது அது. மாரிக் காலத்தில், கடல் கடந்து வந்த பலகாரத்தில், அப்படி ஒரு சத்தத்தை அது கேட்டதில்லை. முடிச்சை இடது கைக்கு மாற்றினாள். வலது கை தன்பாட்டில் பெட்டிக்குள் போனது.

"ஸல்ஹா ராத்தா, வேணாம்!" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

ஸல்ஹா கொக்கிஸைக் காதோடு பிடித்து உடைத்தாள். படக். இன்னொன்றை எடுத்தாள். படக். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டாள்.

"மதினி," என்றாள் ஸல்ஹா கண்ணைத் திறந்து, "இது செய்வினை எண்டாலும் பரவாயில்ல. எனக்கும் ரெண்டு முடிச்சுத் தாங்கோ."

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் தாய்தான். பிறகு யார் யார் சிரித்தார்கள் என்று சொல்ல ஏலாது. எல்லாக் கையும் பெட்டிக்குள் போனது. வீடு முழுக்கப் படக் படக் என்று சத்தம். மைமூனா மட்டும் ஒவ்வொரு கை வெளியே வந்ததும் மூடியை மூடிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு உடைந்த தாச்சியைக் குசினி அடுப்பில் வைத்து, முடிச்சுகளை அவிழ்த்து எல்லாருக்கும் வறுத்துக் காட்டினாள். சிவப்பு மறைந்து நீலம் ஏறியபோது பெண்கள் "ஆ" என்றார்கள். எட்டிப் பார்த்த ஸெய்னுதீனுக்குத் தன் கடையில் மாரி தோறும் பற்றாமல் போகிற நெருப்புப் பெட்டிகள் ஞாபகம் வந்தன. "சம்பந்தி, கிடங்கில இன்னும் கிடக்குதா?" என்று அப்துல் மஜீதை அப்பால் கூட்டிக்கொண்டு போனார்.

"மணிதான் மதினி. என்ட கை இல்ல" என்றாள் மைமூனா. அந்த நேரத்தில் அதைச் சொல்ல அவளுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

ஸல்ஹா முறைத்தாள். "மணியைப் போட்டு வச்சா மண்ணாங்கட்டி ருசிக்குமா? சும்மா இரிங்க."

மறுநாள் காலை திரும்புகிற லாஞ்சியில் நல்ல கூட்டம். மைமூனா வெறும் பெட்டியோடு ஓரமாக இருந்தாள். இராசையா எஞ்சினை ஒரு சுற்றுத்தான் சுற்றினான். பிடித்துக்கொண்டது. ஆள் முந்தின பின்னேரம் ஸெய்னுதீன் கடைக்குப் பீடி வாங்கப் போய், ஸல்ஹா பெயர் சொல்லி நீட்டிய ஒரு கொக்கிஸ் துண்டைத் தின்றிருந்தான்.

"பாத்தியளோ!" என்று கத்தினான். "மைமூனாட கொக்கிஸ் மாதிரி! படக்கெண்டு!"

லாஞ்சி சிரித்தது. அப்துல் மஜீத் இந்த முறை கடலைப் பார்க்கவில்லை, பெண்சாதியைப் பார்த்தார். மைமூனா முக்காட்டை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"ஓம் தம்பி," என்றாள், எஞ்சின் சத்தத்துக்கு மேலாக, கடைசி வாங்குப் பலகையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாக. "அந்த மைமூனா நான்தான்."