ஏறாத நாடி

நோய் எப்படி உண்டாகிறது என்று எழுநூறு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். தேற அறுபது வேண்டிய அந்தப் பாடத்தில் நான் ஒருமுறை ஐம்பத்தொன்பது வாங்கித் தோற்றவள். தாய்ச்சுங் மருத்துவமனையின் அறுவைப் பிரிவுக்கு நர்ஸ் பயிற்சிக்கு வந்த பிறகுதான் அந்தப் புத்தகமே தண்டம் என்று தெரிந்தது. இங்கே எல்லா நோய்க்கும் காரணம் மூன்றுதான்: யாரோ அன்னாசி கேக் தின்றது (இங்கே அன்னாசியின் பேரே 'பெருகி வா' என்று ஒலிக்கும்), யாரோ சிவப்புச் சட்டை போட்டது, "இன்றைக்கு வேலை குறைவு" என்று யாரோ வாய்விட்டுச் சொன்னது.

மூன்றாவதை நான் செய்தேன்.

"இன்னைக்குக் கொஞ்சம் ஃப்ரீயா இருக்குல்லக்கா?"

பொறுப்பு நர்ஸ் சுவாங் அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் குடல்வால் வெடித்து இரண்டு பேர், ஸ்கூட்டரிலிருந்து விழுந்து ஒருவர். குடல்வால் அடைபட்டு, வீங்கி, சீழ்பிடித்து, பிறகு வெடிக்கும் என்றுதான் படித்திருந்தேன். இல்லையாம், என் வாய் பட்டு வெடித்ததாம்.

"பெய்யுன், போய் பன்னெண்டாம் பெட் பக்கத்துல உக்காரு. ஷிஃப்ட் முடியிற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது. மார்க் போடுறது நான்தான், ஞாபகம் வச்சுக்க."

பன்னிரண்டில் லியாவ் மாமா. நான்தோவ் மலையில் தேயிலை பயிரிடுகிறவர். முந்தின நாள்தான் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். பதினொன்று இருபதுக்கு அவர் கையைத் தொட்டேன். ஜில்லென்று, ஈரமாக இருந்தது. கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையில் காலையில் பார்த்த அளவுதான். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரத்த அழுத்தம் நூற்றுப் பன்னிரண்டுக்குத் தொண்ணூற்றாறு. மேல் எண்ணும் கீழ் எண்ணும் நெருங்கியிருந்தன.

உள்ளே ரத்தம் கசிந்தால் உடம்பு தோலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற ரத்தத்தைக் குறைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பும். நாடி தறிகெட்டு ஓடும். இவருக்கோ எழுபத்து நான்கிலேயே நின்றது. ஏன் ஓடவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது: படபடப்பை அடக்கும் இதய மாத்திரையை இவர் தினமும் விழுங்குகிறவர்.

அந்த வழியே போன சுவாங் அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

"எழுபத்திநாலா? என் நாடியே இவ்வளவு ஒழுங்கா இல்ல."

நான் வாயைத் திறக்கவில்லை. நல்ல மாணவி.

பன்னிரண்டு மணிக்கு மாமா என் கையைப் பிடித்து, "மழை வருது, இலையை உள்ள எடுத்து வைம்மா" என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இப்போது மூளைக்கும் ரத்தம் போதவில்லை. ஓடிப்போய், பெட்டிச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்த சுவாங் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து, அவர் கையை மாமாவின் பாதத்தில் வைத்தேன்.

"தொட்டுப் பாருங்கக்கா. ரத்தம் உள்ளயே போகுது. மாத்திரையாலதான் நாடி ஏறல."

அவர் முகம் வெளுத்தது. டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "எவ்வளவு நேரமா இப்படி?"

"நாப்பது நிமிஷமா."

"ஏன்டி சொல்லல?"

நீங்கள்தானே வாயை மூடச் சொன்னீர்கள் என்று பதில் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது.

வயிற்றிலிருந்து ஒன்றரை லிட்டர் ரத்தம் எடுத்தார்கள். மாமா பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "இந்தப் பொண்ணுதான். பார்த்த அடுத்த நொடியே ஓடிப்போய்ச் சொல்லுச்சாம்."

அவர் மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.