மஹ்ஜபின் விரித்த புடவைகள்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. ஆடித் தள்ளுபடியில் கைமீறிச் செலவழிக்காமல் இருப்பது எப்படி என்று ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடுகிற ஜோதிமணி, சனிக்கிழமைகளில் அட்டுவம்பட்டியில் என் வீட்டுக்குக் காய் கொண்டுவருவாள். அவளிடம் பேச்சுக்கொடுத்தேன். அதன்பின் கட்டுரை வரவில்லை.

2

முதல் தொடக்கம்: 'ஜோதிமணி உறுதியான பெண்.'

(அடித்துவிட்டேன். போன ஆடியில் விதைப்பூண்டுக்கு வைத்திருந்த பணத்தைத் தள்ளுபடிக் கடையில் விட்டவள் அவள். பாதிக் காடு தரிசாகக் கிடந்தது. புருஷன் ஆண்டிச்சாமி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளை அறுத்தது.)

இரண்டாவது: இந்த ஆடியில் மகனுக்குச் சீருடைத் துணி மட்டும் எடுப்பது என்று முடிவுசெய்துகொண்டு அவள் பழனிக்கு இறங்கினாள்.

இது இருக்கட்டும்.

3

துணி எடுத்துத் திரும்பியவளைப் புடவைப் பிரிவில் ஒரு பெண் மறித்தாள். இருபது வயதிருக்கும். மேலங்கியில் குத்திய அட்டையில் மஹ்ஜபின் என்றிருந்தது.

"சும்மா பாருங்கக்கா. பாக்குறதுக்குக் காசா?"

பதினோரு புடவைகளை விரித்தாள். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றை ஜோதிமணியின் தோளிலேயே போட்டாள். கண்ணாடியில் தெரிந்தவளை ஜோதிமணிக்குப் பிடித்திருந்தது. (இதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.)

"வேணாம் தாயி."

"இன்னைக்கு விட்டா இந்த வெலைக்குக் கெடைக்காதுக்கா. நீங்க எடுத்தா என் டார்கெட்டும் முடிஞ்சிரும்."

கை தானாகப் பைக்குள் போயிற்று. போன வருஷமும் இப்படித்தான் போயிற்று. அந்தப் பயத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"ஆளை ஏமாத்தி விக்கத்தான் ஒன்னைய நிப்பாட்டியிருக்காகளா? விடு என்னைய."

கடையே திரும்பிப் பார்த்தது. சூப்பர்வைசர் வந்தார். "மேல ஆபீசுக்கு வா" என்றார், மஹ்ஜபினிடம். அவள் ஜோதிமணியின் தோளிலிருந்த புடவையை மெதுவாக எடுத்து, மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

4

பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ் நின்றது. ஜோதிமணி ஏறவில்லை. திரும்பக் கடைக்கு நடந்தாள். புடவைப் பிரிவில் வேறொரு பெண் நின்றாள்.

"இங்கன நின்ன பிள்ளை எங்கம்மா?"

"மேல போனவ இன்னும் வரலக்கா. உங்களுக்கு என்ன பாக்கணும்?"

அரை மணி நேரம் காத்திருந்தாள். யாரும் இறங்கி வரவில்லை. மேலே ஏறிப் போய், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். மாடிப்படி வரைக்கும் போனாளாம்.

"வேணாங்கிறதுக்கு வந்த தெகிரியம் அதுக்கு வரலைங்க."

5

முடிவு ஒன்று: மஹ்ஜபினைத் திட்டியதோடு விட்டுவிட்டார்கள். (எனக்கு வசதியாக இருந்ததால் கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: வேலை போயிற்று. இதை ஜோதிமணிக்குப் படித்துக்காட்டினேன். தூக்கிய காய்க்கூடையைத் திரும்ப இறக்கி வைத்தாள்.

"இந்த வருசம் காடு பூராம் வெதச்சாச்சுங்க. அந்தப் பிள்ளைய நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது. கதையிலயாச்சும் அதை வேலையில வச்சிருங்க."

அவளுக்காக மூன்றாவது ஒன்று ஆரம்பித்தேன்.

மறுநாள் வெள்ளனே மஹ்ஜபின் கடைக்கு வந்தாள். சூப்பர்வைசர் அவளைப் பார்த்து

(இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் எழுதுங்கள். சனிக்கிழமை ஜோதிமணி வருவாள். கேட்பாள்.)