வினிதாவின் விரலுக்காக ஜெபித்தவர்கள்

என் தங்கை வினிதாவின் வலதுகை ஆள்காட்டி விரலுக்காக எங்கள் சபையே உபவாசம் இருந்தது. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உபவாசம் இருந்தவர்கள் மேல் கோபமில்லை. பட்டினி கிடந்து, யாரோ பெற்ற பிள்ளைக்காக அழுதவர்களை நான் எப்படித் திட்டுவேன்? அவர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்களைவிடச் சத்தமாக அழுத ஒருவர் மேல்தான் கோபம். அவர் பெயர் சகாயராஜ். சபைக்கு மூப்பர். நானும் வினிதாவும் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசரும் அவர்தான்.

எங்கள் ஊர்க்காரர், சாத்தான்குளத்துப் பக்கம். அப்பா இறந்த பிறகு எங்கள் இருவரையும் திருப்பூருக்குக் கூட்டிவந்து, வேலை வாங்கிக் கொடுத்து, அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி வாடகைக்கு ஒரு அறையும் பார்த்துக் கொடுத்தார். சபைக்கு அழைத்துப் போனவரும் அவரே. அதனால் அவர் சொன்னால் எங்களுக்கு மறுபேச்சு கிடையாது. நாங்கள் செய்த முட்டாள்தனத்தில் அதுதான் முதலாவது.

எங்கள் கம்பெனியில் கைக்குழந்தைகளுக்கான உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஊசி உடைந்தால் சும்மா மாற்றிக்கொள்ள முடியாது. உடைந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி, ஒட்டவைத்துப் பார்த்து, முழு ஊசி ஆனால்தான் புது ஊசி கையில் வரும். ஒரு பொட்டுத் துண்டு குறைந்தாலும் லைன் மொத்தமும் நிற்கும். அதுவரை தைத்த சரக்கு முழுவதையும் ஒதுக்கிவிடுவார்கள். எங்கோ ஒரு குழந்தையின் கழுத்தில் குத்திவிடக் கூடாதாம். நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். தைக்கிறவளின் விரலில் குத்தினால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அந்தச் சட்டத்தில் இடம் போதவில்லை.

சரக்கு ஏற்ற லாரி வாசலில் வந்து நின்ற நாள் அது. ஓவர்லாக் மெஷினின் ஊசி வினிதாவின் நகத்தைத் துளைத்து இறங்கி, அங்கேயே ஒடிந்தது. செக்கிங் டேபிளில் இருந்த நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் மயங்கிச் சரிந்துகொண்டிருந்தாள். நான் அவளைத் தாங்கிப் பிடித்திருக்க, சகாயராஜ் அண்ணன் காந்தத்தை எடுத்துக்கொண்டு மெஷினுக்கடியில் தவழ்ந்தார். ஊசியின் அடிப்பாகம் மெஷினிலேயே இருந்தது. முனையைத்தான் காணோம். லைன் மொத்தமும் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கையை உயர்த்தினார்.

"கிடைச்சிட்டு! ஸ்தோத்திரம்!"

முனையை எல்லோருக்கும் காட்டினார். புது ஊசி வந்தது, லைன் ஓடியது, லாரியும் கிளம்பியது. கிளினிக்குக்கும் அவரே எங்களோடு வந்தார். "ஊசி உள்ளே ஒடஞ்சிருக்குமா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"இல்ல சார், முழுசும் எடுத்தாச்சி. நானே என் கையால எடுத்தேன்."

டாக்டரும் கட்டுப் போட்டு, ஒரு ஊசியும் போட்டு அனுப்பிவிட்டார்.

காயம் ஆறவில்லை. மேலே மூடும், உள்ளே சீழ் கட்டும், வெடிக்கும், திரும்ப மூடும். விரல் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு மாத்திரை போய் இன்னொரு மாத்திரை வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்போம் என்று நான் பேச்செடுத்தாலே சகாயராஜ் அண்ணன் ஜெபித்த எண்ணெய்க் குப்பியோடு வீட்டுக்கு வந்துவிடுவார்.

"ஏட்டி ஜெயசுதா, டாக்டருக்கெல்லாம் மேல ஒரு டாக்டர் இருக்காரு. அவசரப்படாத. விசுவாசத்த விட்டுராத."

வினிதாவும் அவர் கட்சி. "நீ சும்மா இரு அக்கா. சந்தேகப்பட்டா ஜெபம் கேக்கப்படாது" என்பாள். அவளுக்குப் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசி முடிகிற நிலையில் இருந்தது. அதற்குள் கை நேராகிவிட வேண்டும் என்ற தவிப்பு. கூடவே வேலை பயமும். அந்த விரல் இல்லாமல் துணியைத் தள்ளிக் கொடுக்க முடியாது. தையல் போனால் அவளுக்கு வேறு தொழில் தெரியாது.

மூடிப்போன ஒரு நிட்டிங் குடோனின் மாடியில்தான் எங்கள் சபை. வெள்ளிக்கிழமைதோறும் ஷிப்ட் முடிந்து, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வயிற்றோடு சனங்கள் பாயை விரித்து உட்காருவார்கள். பாஸ்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷருக்கும் ஒரு உவமை கிடைத்துவிட்டால் போதும், அதைக் கசக்கிப் பிழியாமல் விடமாட்டார்.

"நம்ம கம்பெனியில ஒரு ஊசித்துண்டு காணலன்னா என்ன செய்றோம்? லைனை நிறுத்துறோம். பிரியமானவர்களே, ஒரு ஜெபம் கேக்கப்படலன்னாலும் அப்படித்தான். அறிக்கை செய்யாத பாவம் ஒண்ணு எங்கயோ ஒளிஞ்சிருக்கு. அது கிடைக்கிற வரைக்கும் பரலோகத்து லைன் ஓடாது."

ஆமென் என்று சபை அதிர்ந்தது. பனியன் கம்பெனிக்காரர்களுக்கு இது உடனே புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை. கம்பெனியில் துண்டு காணாமல் போனால் நாங்கள் எங்கே தேடுவோம்? உடைத்தவளின் மேஜையில், உடைத்தவளின் மடியில், உடைத்தவளின் தலைமுடியில். அதே பழக்கத்தில் பாவத்தையும் அவளிடமே தேட ஆரம்பித்தார்கள். சபையில் இருந்த வேறு யாருடைய மடியையும் யாரும் உதறிப் பார்க்கவில்லை.

"யோசிச்சுப் பாரு மகளே, எதையாவது மறைச்சிருக்கியா?" என்று பாஸ்டர் கேட்டார். அவளும் யோசித்து யோசித்துச் சொன்னாள். போனில் சினிமா பார்த்ததைச் சொன்னாள். ஊரில் இருக்கிற அம்மாவிடம் பொய் சொன்னதைச் சொன்னாள். காய்ச்சல் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராமல் தூங்கியதைச் சொன்னாள். விரல் ஆறவில்லை. "இன்னும் இருக்கு, எனக்குத் தெரியுது" என்றாள் சீனியம்மாள். அவளுக்கு அடிக்கடி தரிசனம் வரும். பக்கத்து வீட்டில் மீன் குழம்பு வைப்பதும் அதில் தெரிந்துவிடும்.

அப்போது சகாயராஜ் எழுந்து வந்து வினிதாவின் தலையில் கை வைத்தார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு இரங்கும், இன்னைக்கே இரங்கும்" என்று தொண்டை கட்டும்வரை கதறினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவர் நெஞ்சு குறுகுறுத்ததை நாங்கள் எல்லோரும் பரிசுத்த ஆவி என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வினிதா எழுந்து நின்று, தலையைத் தொங்கப் போட்டபடி சொன்னாள். "சாயப்பட்டறைல வேல பாக்குற ஒரு பையனோட பழகினேன். தப்பு நடந்துட்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே அறையில் படுத்து, ஒரே வண்டியில் வேலைக்குப் போய், ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவள். எனக்குத் தெரியாமல் பையன் எங்கிருந்து வருவான்? வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, யாருட்டி அந்தப் பையன்?"

"யாரும் இல்லக்கா" என்று என் மடியில் விழுந்து அழுதாள். "சின்னச் சின்னதா சொன்னதெல்லாம் பத்தலியே. பெருசா ஒண்ணு சொன்னா ஆண்டவர் இரங்குவாருன்னு நெனச்சேன். வலி தாங்க முடியலக்கா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றே போய் அந்தக் குடோனைக் கொளுத்தியிருக்க வேண்டும். கொளுத்தவில்லை. மறுநாளே பாளையங்கோட்டையிலிருந்து போன் வந்தது. பெண் வேண்டாமாம். காரணத்தை அவர்கள் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. சபையிலிருந்து யாரோ அதற்குள் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால், வினிதா உட்கார்ந்த பாயிலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தராகத் தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு விரல் ஆறியதா என்றால் அதுவும் இல்லை. காய்ச்சல் கொதித்தது. விரலிலிருந்து முழங்கை வரை சிவப்பாக ஒரு கோடு ஏறியது. நான் யாரிடமும் கேட்கவில்லை. அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். படம் எடுத்தார்கள். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, ஊசிமுனை உள்ளயே இருக்குதுங்களே. எலும்புல ஏறி உக்காந்திருக்குது. எலும்பே அழுகிப்போச்சுங்க. இத்தன நாளா என்ன பண்ணீட்டு இருந்தீங்க?"

"ஜெபம் பண்ணிட்டு இருந்தோம்" என்றேன்.

அவர் வினிதாவின் பக்கம் திரும்பி, "கண்ணு, வெரல முழுசா காப்பாத்த முடியாது. கையக் காப்பாத்தோணும், அதப் பாக்கலாம்" என்றார்.

எனக்கு அந்தப் படத்தில் விரல் தெரியவில்லை. மெஷினுக்கடியிலிருந்து உயர்ந்த சகாயராஜின் கைதான் தெரிந்தது. முனை இங்கே இருக்கிறது என்றால், அன்றைக்கு அவர் தூக்கிக் காட்டியது எந்த ஊசியின் முனை?

பாதி விரலை எடுத்துவிட்டார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பாவம் ஓரிடத்தில் இருக்க விரலும் வேறிடத்தில் போகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆண்டவர் எக்ஸ்ரே எடுக்காமலே பார்க்கிறவர். அவருக்குத் தெரிந்திருந்ததை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதை நான் முழங்காலில் நின்று அவரிடமே கேட்டுக்கொள்கிறேன், அது வேறு வழக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் படத்தோடு எழுந்து நின்றேன். கட்டுப் போட்ட கையோடு வினிதாவும் வந்திருந்தாள்.

"சகாயராஜ் அண்ணே, எந்திரிங்க. அன்னைக்கு மெஷினுக்கடியில என்னத்த எடுத்துக் காட்டுனிய?"

"சகோதரி, இது சாட்சி நேரம்" என்றார் பாஸ்டர்.

"சாட்சிதான் பாஸ்டர் சொல்லுதேன். கண்ணால பாத்த சாட்சி. இந்தா பாருங்க, முனை இவ எலும்புல இருந்துருக்கு. அப்ப அவரு காட்டுனது என்னதுன்னு கேளுங்க."

படம் கைமாறிக் கைமாறி முன்னால் போனது. சகாயராஜ் எழுந்தார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"பழைய முனை ஒண்ணு எப்பவும் சட்டப்பையில வச்சிருப்பேன். லைன் நிக்கக் கூடாதுன்னு. லாரி வேற வந்து நின்னுட்டு. அவ வெரலுக்குள்ள இருக்கும்னு அப்ப சத்தியமா தோணல."

"எப்ப தோணிச்சி?"

"ஆறாம இழுத்துக்கிட்டே போச்சே, அப்ப."

"அதுக்கப்புறமும் அவ தலையில கை வச்சியளே. என்னன்னு ஜெபம் பண்ணுனிய? அவகிட்ட பாவம் இருக்குன்னா?"

"இல்லம்மா. உண்மையாத்தான் ஜெபம் பண்ணினேன், ஆண்டவர் அறிவார்." விம்மலுக்கு நடுவில் அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "நான் சொல்லாமலே அவளுக்குச் சொகமாயிரணும்னு ராத்திரி பகலா கேட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. பொய்யாக ஜெபித்திருந்தால்கூட ஒரு அறை கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

ஆனால் பாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒளிஞ்சிருந்தது வெளிச்சத்துக்கு வந்துட்டு! அல்லேலூயா!" என்றார். யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். கீபோர்டுக்காரர் வாசிக்கத் தொடங்கினார். ஆண்கள் போய் சகாயராஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சீனியம்மாள் சந்தோஷத்தில் அழுதாள். பாஸ்டர் வினிதாவை முன்னால் வரச் சொல்லி மைக்கை நீட்டினார்.

"மகளே, மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. மன்னிக்காத மனசும் ஜெபத்தத் தடுக்கும்."

நான் பாய்ந்து போவதற்குள் வினிதா இடதுகையால் மைக்கை வாங்கிவிட்டாள். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"செய்யாத பாவத்தச் செஞ்சேன்னு இதே எடத்துல நின்னு சொன்னேன். பையனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்கு ஒருத்தரும் கை தட்டல. பாய விட்டுத் தள்ளிப் போனிய. இவரு செஞ்ச பாவத்தச் சொன்னதுக்குக் கை தட்டுதிய."

கீபோர்டு நின்றது.

"இவர மன்னிக்கிறத நான் ஆண்டவர்ட்ட பேசிக்கிடுதேன். மொதல்ல ஒண்ணு தெரியணும். பாளையங்கோட்டைக்குப் போன் போட்டுச் சொன்னது உங்கள்ல யாரு? எந்திரிச்சிச் சொல்லுங்க. அவங்களுக்கும் எல்லாரும் கை தட்டுவோம்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சிலர் மடியைப் பார்த்தார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். வினிதா நகரவில்லை. கடைசியில் பாஸ்டர்தான் தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாரும் கண்ண மூடி ஜெபிப்போம்."

உடனே மூடிக்கொண்டார்கள். என் தங்கை மைக்கைப் பிடித்தபடி, மூடிய அத்தனை கண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.